இரவில் தாழ்ந்து, காலையில் உள்ளே போக மறுக்கும் ஜக்

உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். பழைய அசோக் லேலண்ட் பஸ் ஒன்றை வாங்கி, கட்டில், சமையல் மேடை, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் பொருத்தி வீட்டு வண்டியாக்கி வெள்ளவத்தையில் வைத்திருக்கிறீர்கள். அமெரிக்க மோட்டார் ஹோம் ஒன்றிலிருந்து கழற்றிய, எண்ணெய் அழுத்தத்தால் வண்டியைத் தூக்கி மட்டப்படுத்தும் நான்கு ஹைட்ராலிக் ஜக்குகளை, பம்பு, சுவிட்ச் பலகை உட்பட முழு செட்டாக அடியில் பூட்டியிருக்கிறீர்கள். பஸ்ஸின் இரண்டு பற்றரிகளில் ஒன்றிலிருந்து பம்புக்கு வயர் போகிறது. நுவரெலியாவில் இரவு மட்டமாக நிறுத்திவிட்டுப் படுத்தால், விடியும்போது பின் இடது மூலை இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்கிறது. புறப்படும் நேரம் அதே ஜக் பாதி வழியில் நின்றுகொண்டு உள்ளே போக மறுக்கிறது, ஜக் வெளியே நிற்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கும் அணைவதில்லை. சில நாட்களில் பொத்தானை அழுத்தினால் டக் டக் என்ற சத்தம் மட்டுமே வருகிறது. ரப்பர் குழாய்களைப் புதிதாக மாற்றிய பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கராஜ்காரர் ஜக்கை மாற்றச் சொல்லியிருப்பதால் “இதே அளவில் ஜக் கொழும்பில் எங்கே கிடைக்கும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, கெட்டுப்போனது ஜக்தானா என்பது. அதற்குத்தான் இந்தப் பதில்.

நான் கிராண்ட்பாஸ் பக்கம் இருபத்தாறு வருடமாக ஹைட்ராலிக் வேலை செய்கிறவன். கிரேன்களின் பக்கவாட்டுக் கால்கள், டிப்பர் லொறிகளின் தூக்கு சிலிண்டர்கள், கராஜ்களில் கார் தூக்கும் மேடைகள்தான் என் அன்றாடச் சோறு. வீட்டு வண்டிகள் என் கைக்கு வந்தது ஏழோ எட்டோதான். ஆகவே உங்கள் செட்டின் சுவிட்ச் பலகையில் எந்த வயர் எங்கே போகிறது என்பதை வண்டியைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணெயும் வால்வும் சிலிண்டரும் எல்லா வண்டியிலும் ஒரே மாதிரித்தான் நடந்துகொள்ளும்.

உங்கள் ஜக்குகளின் வெளிப்புறத்தில் நீளமான இரண்டு சுருள் ஸ்பிரிங்குகள் இருப்பதாக எழுதியிருப்பது முக்கியமான தகவல். அப்படியென்றால் அவை ஒற்றைப் பக்க சிலிண்டர்கள். பம்பு எண்ணெயைத் தள்ளும்போது தண்டு வெளியே நீளும். உள்ளே இழுப்பதற்குப் பம்பு உதவாது. எண்ணெய் திரும்பும் வழியை அடைத்திருக்கும் வால்வை மின்சாரம் திறந்துவிடும். ஸ்பிரிங்குகள் தண்டை மேலே இழுக்கும். தண்டு எண்ணெயைத் தாங்கிக்குத் திருப்பித் தள்ளும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம். நீளும்போது வேலை செய்வது பம்பின் முரட்டு பலம், சுருங்கும்போது வேலை செய்வது இரண்டு ஸ்பிரிங்குகளின் சாதுவான இழுப்பு.

இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் இரண்டு குறைகளையும் பாருங்கள். இரவில் எண்ணெய் திரும்பி ஓடிவிடுகிறது, அதனால் மூலை தாழ்கிறது. காலையில் அதே எண்ணெய் திரும்பி ஓட மறுக்கிறது, அதனால் தண்டு பாதியில் நிற்கிறது. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரிவதால்தான் கராஜ்காரர் குழம்பி ஜக்கின் மேல் பழியைப் போட்டிருக்கிறார். அந்த மூலையில் ஜக்கின் மேல் மூன்று டன் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வால்வின் வாயில் ஒரு துரும்பு சிக்கி முழுமையாக மூடவிடாமல் செய்தால், அந்த மூன்று டன் எண்ணெயைச் சிறிய இடுக்கு வழியாக இரவு முழுக்கப் பிழிந்துகொண்டே இருக்கும். காலையில் வண்டி சக்கரங்களில் இறங்கிய பிறகு அந்தப் பாரம் இல்லை. மிஞ்சியிருப்பது ஸ்பிரிங்கின் இழுப்பு மட்டும். அதே துரும்பு திறந்த வழியையும் பாதி அடைத்துக்கொண்டிருந்தால் எண்ணெய் சொட்டுச் சொட்டாகத்தான் திரும்பும். இரண்டு நோயல்ல, ஒரே நோய் என்றுதான் எனக்குப் படுகிறது.

குழாய் மாற்றிய பிறகு தொடங்கியது என்பதால் என் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு நடமாடும் மருத்துவ வண்டி எங்களிடம் வந்தது. இதே மாதிரி ஒரு மூலை தாழ்கிறது. வேறோர் இடத்தில் ஜக்கை இரண்டு தடவை கழற்றி, தண்டைச் சுற்றி எண்ணெயை அடைக்கும் ரப்பர் சீலை மாற்றியிருந்தார்கள், பயனில்லை. வால்வைக் கழற்றி வெள்ளைத் துணியில் வைத்துப் பார்த்தபோது, அதன் வாயில் தலைமுடி அளவுக்கு ஒரு வெள்ளை நார் ஒட்டியிருந்தது. தண்ணீர்க் குழாய் பூட்டும்போது மரையில் சுற்றுவார்களே, அந்த டெஃப்லோன் டேப். குழாய் பூட்டியவர் எண்ணெய் கசியக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் சுற்றியிருக்கிறார். ஹைட்ராலிக் இணைப்புகளில் பெரும்பாலானவை உலோகம் உலோகத்தோடு அழுந்தியோ ரப்பர் வளையத்தாலோ அடைபடுகிறவை; அவற்றுக்கு டேப் வேண்டியதே இல்லை. சுற்றினால் மரை பிய்த்தெடுக்கும் நார் எண்ணெயோடு போய், மிகக் குறுகலான இடத்தில் உட்காரும். மிகக் குறுகலான இடம் வால்வின் வாய்தான். உங்கள் புதிய குழாய்களின் இணைப்பில் வெள்ளை டேப் எட்டிப் பார்க்கிறதா என்று ஒரு டோர்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆனாலும் வால்வைத் தொடுவதற்கு முன் ஒரு விஷயத்தை விலக்கிவிட வேண்டும். தாழ்ந்தது ஜக்கா, நிலமா? மலைநாட்டில் மழைக்குப் பிறகு புல்தரையில் நிறுத்தினால் ஜக்கின் பாதம் மெல்ல மண்ணுக்குள் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 சென்றிமீற்றர் விட்டமுள்ள வட்டப் பாதத்தின் பரப்பு ஏறக்குறைய 490 சதுர சென்றிமீற்றர். அதன் மேல் 3,000 கிலோ நின்றால் ஒவ்வொரு சதுர சென்றிமீற்றருக்கும் ஆறு கிலோவுக்கு மேல் விழுகிறது. ஈர மண் அதைத் தாங்காது. வெயிலில் இளகிய தார்கூடக் குழி விழும். 60க்கு 60 சென்றிமீற்றர் தடித்த பலகை ஒன்றைக் கீழே வைத்தால் அதே பாரம் சதுர சென்றிமீற்றருக்கு ஒரு கிலோவுக்கும் கீழே வந்துவிடும். இன்னொரு சந்தேக நபர் குளிர். எண்ணெய் ஒரு பாகை குளிர்ந்தால் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஏழு பங்கு சுருங்கும். நுவரெலியாவில் மாலைக்கும் விடியலுக்கும் 15 பாகை வித்தியாசம் என்றாலும் சுருக்கம் நூற்றில் ஒரு பங்குதான். 30 சென்றிமீற்றர் நீண்டிருக்கும் ஜக் மூன்று மில்லிமீற்றர் தாழும். அது இயல்பு, பழுதல்ல. நீங்கள் சொல்லும் இரண்டு அங்குலத்துக்குக் குளிர் காரணமாக முடியாது. ஆகவே அடுத்த தடவை படுக்கப் போகும் முன், வெளியே தெரியும் தண்டின் நீளத்தை அளந்து எழுதி வையுங்கள். காலையில் மறுபடி அளவுங்கள். நீளம் அப்படியே இருந்து மூலை தாழ்ந்திருந்தால் நிலம் குற்றவாளி. நீளம் குறைந்திருந்தால் எண்ணெய் திரும்பியிருக்கிறது.

எண்ணெய் திரும்பியிருந்தால் அது எந்த வழியாகப் போனது என்பது அடுத்தது. ஒற்றைப் பக்க சிலிண்டரில் சீல் கெட்டால் எண்ணெய் வெளியே வந்தாக வேண்டும். தண்டின் மேலும் பாதத்திலும் வழியும், கீழே தரையில் பொட்டு விழும். தண்டைச் சுத்தமான துணியால் துடைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். காய்ந்திருந்தால் ஜக் நிரபராதி. எண்ணெய் வால்வு வழியாகத் தாங்கிக்குத்தான் போயிருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜக்கை மாற்றச் சொன்னவர் இந்தத் துணிப் பரிசோதனையைச் செய்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.

பாதியில் நிற்பதற்கு மட்டும் வேறு காரணங்களும் உண்டு. தண்டு வளைந்திருக்கலாம், துருப்பிடித்து உராயலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், வால்வைத் திறக்கும் மின்காந்தச் சுருளுக்கு மின்சாரம் போகாமல் இருக்கலாம். அதைப் பிரிக்க இப்படிச் செய்யுங்கள். உள்ளே இழுக்கும் பொத்தானை ஒருவர் அழுத்தட்டும், மற்றவர் அந்த வால்வின் தலையில் ஒரு திருப்புளியை வைத்துப் பார்க்கட்டும். காந்தம் போல் ஒட்டினால் மின்சாரம் வருகிறது. ஒட்டாவிட்டால் பின் வலது வால்வின் வயரையும் இதையும் மாற்றிக் குத்திப் பாருங்கள். குறை வலது பக்கம் தாவினால் வயரிலோ பலகையிலோ கோளாறு, இடத்திலேயே நின்றால் சுருள் கருகியிருக்கிறது. மின்சாரம் வந்தும் தண்டு அசையவில்லையா? பெரும்பாலான செட்டுகளில் ஒவ்வொரு வால்வுக்கும் கையால் திறக்கும் ஒரு திருகு உண்டு. அதைச் சிறிது சிறிதாகத் திறவுங்கள். தண்டு சரசரவென்று மேலே போனால் ஜக்கும் ஸ்பிரிங்கும் நன்றாகவே இருக்கின்றன, வால்வைக் கழற்றிக் கழுவுவதுதான் வேலை. திறந்த பிறகும் நின்றால் தண்டைப் பாருங்கள், அல்லது குழாயைப் பாருங்கள். வெளியே புதிதாகத் தெரியும் குழாய்கூட உள்ளே மடிந்தோ உரிந்தோ எண்ணெயை ஒரு பக்கம் மட்டும் விடுவது உண்டு.

அந்தத் திருகைத் திறக்கும்போது ஒரு நிபந்தனை. வண்டியின் பாரம் அந்த ஜக்கின் மேல் இருந்தால், திறந்த கணத்தில் மூலை தடால் என்று இறங்கும். வண்டி தன் சக்கரங்களில் நிற்கிறது என்று உறுதி செய்யாமல், அடியில் ஒரு விரலைக்கூட நீட்ட வேண்டாம். இந்த ஜக்குகள் வண்டியை மட்டப்படுத்தத்தான். டயர் கழற்றவோ கீழே படுத்து வேலை செய்யவோ அல்ல. கீழே போக வேண்டுமென்றால் பஸ்ஸின் அடிச்சட்டத்துக்கு இரும்புத் தாங்கு கால்கள் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதேபோல் குழாயில் எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள். பாரம் தாங்கும் நேரத்தில் உள்ளே இருக்கும் அழுத்தத்தில், ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். வெளியே முள் குத்திய அளவுதான் தெரியும், வலியும் உடனே இராது. அப்படி ஏதாவது நடந்தால் வீட்டில் மஞ்சள் பூசிக்கொண்டு இருக்காமல் நேரே தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவுக்குப் போங்கள், எண்ணெய் புகுந்தது என்று சொல்லுங்கள். கசிவு தேட ஒரு அட்டைத் துண்டு போதும்.

இனி அந்த டக் டக். அது தனிக் கதை, ஜக்கோடு சம்பந்தமில்லை. உங்கள் பஸ் 24 வோல்ட். 12 வோல்ட் பற்றரிகள் இரண்டு தொடராகக் கோத்திருக்கும். அமெரிக்க செட் 12 வோல்ட். அதனால் பொருத்திய பாஸ் சுலபமான வழியாகக் கீழ்ப் பற்றரியில் (தொடரில் பஸ்ஸின் சட்டத்தோடு இணைந்திருக்கும் பற்றரி) இருந்து மட்டும் எடுத்திருக்கிறார். பலரும் செய்வதுதான், ஆனாலும் பிழை. ஓடும்போது சார்ஜ் இரண்டு பற்றரிக்கும் ஒரே அளவில்தான் போகிறது. செலவு மட்டும் ஒன்றில். கீழ்ப் பற்றரி என்றைக்கும் நிரம்பாது, மேல் பற்றரி அளவுக்கு மீறிக் கொதிக்கும், இரண்டும் காலத்துக்கு முன்பே போகும். பம்பு மோட்டார் பாரத்தில் 100 அம்பியருக்கு மேல் இழுக்கக் கூடியது. அரைகுறைப் பற்றரியில், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் ரிலே ஒட்டும், மோட்டார் தொடங்கியதும் வோல்ட் சரியும், ரிலே விடும், வோல்ட் எழும், மறுபடி ஒட்டும். நீங்கள் கேட்கும் டக் டக் இந்தத் தாளம்தான்.

மல்டிமீட்டரைப் பற்றரி முனைகளில் வைத்துப் பொத்தானை அழுத்துங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பற்றரி நோஞ்சான். பற்றரியில் 12 நின்று மோட்டார் முனையில் எட்டோ ஒன்பதோ காட்டினால் நடுவில் எங்கோ தின்கிறது: வயர், ரிலே, அல்லது ஏர்த் (மின்சாரம் சட்டத்தின் வழியே பற்றரிக்குத் திரும்பும் இணைப்பு). வயரின் தடிப்பையும் அலட்சியம் செய்யாதீர்கள். பம்பு பற்றரியிலிருந்து எட்டு மீற்றர் தள்ளி இருந்தால் போக வர பதினாறு மீற்றர். 16 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் 100 அம்பியர் ஓடினால் அந்தத் தூரத்திலேயே 1.7 வோல்ட் தொலைந்துவிடும். 50 சதுர மில்லிமீற்றர் போட்டால் அரை வோல்ட்தான் இழப்பு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பம்புக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு 12 வோல்ட் பற்றரி வைத்து, அதை 24 வோல்ட்டிலிருந்து ஒரு சார்ஜர் மூலம் நிரப்புவேன். பஞ்சிகாவத்தையில் 24ஐ 12 ஆக்கும் சிறிய பெட்டிகள் விற்கிறார்கள். அவை ரேடியோவுக்கு ஆனவை. அதை நேரே பம்புக்குக் கொடுத்தால் பெட்டி எரியும்.

ஏர்த் பற்றி ஒரு வார்த்தை. மரைன் டிரைவ் பக்கம் கடல் காற்றில் நிற்கும் வண்டியில், சட்டத்தோடு முறுக்கிய ஏர்த் வயரின் முனை வெளியே பளபளத்தாலும் உள்ளே பச்சை பூத்திருக்கும். கழற்றி, பெயின்ட் சுரண்டி, உலோகம் தெரியத் தேய்த்துப் பூட்டி, மேலே கிரீஸ் பூசுங்கள். பாதிக் குறைகள் இந்த இருபது நிமிட வேலையில் ஓடிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கிரீஸ் தடவும் கையை ஜக் தண்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். தண்டில் கிரீஸ் இருந்தால் மண் ஒட்டும், மண் சீலை அறுக்கும். தண்டை வெளியே நீட்டி, உப்பைக் கழுவித் துடைத்து, சிலிக்கோன் ஸ்பிரே லேசாக அடித்து, மிச்சத்தைத் துணியால் எடுத்துவிட்டால் போதும்.

சிவப்பு விளக்கு உங்கள் விஷயத்தில் பொய் சொல்லவில்லை, ஜக் உண்மையிலேயே வெளியே நிற்கிறது. முழுதாக உள்ளே போன பிறகும் எரிந்தால் மட்டும் அந்த விளக்கை இயக்கும் சுவிட்சைச் சந்தேகியுங்கள்.

தாங்கியில் எண்ணெய் அளவை நான்கு ஜக்கும் உள்ளே இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். நீண்டிருக்கும்போது குறைவாகத் தெரிகிறதே என்று நிரப்பினால், சுருங்கும்போது மிச்சம் பொங்கிச் சாமான் அறைக்குள் ஓடும். என் வாடிக்கையாளர் ஒருவரின் படுக்கை விரிப்புகள் அப்படித்தான் சிவப்பாயின. அமெரிக்க செட்டுகள் பலவற்றுக்கு தானியங்கி கியர் எண்ணெய், அதாவது டெக்ஸ்ரோன் வகை, பொருந்தும். தாங்கியின் மேல் வேறு ஏதாவது எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள். பிரேக் ஒயில் மட்டும் ஒருபோதும் வேண்டாம், அது ரப்பர் சீல்களை ஊத வைத்துக் கெடுத்துவிடும். இப்போது இருக்கும் எண்ணெயைக் கொஞ்சம் கண்ணாடிப் போத்தலில் எடுத்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறம் என்றால் தண்ணீர் போயிருக்கிறது. வால்வைக் கழுவும் அதே நாளில் எண்ணெய் முழுவதையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மிச்ச நார் வேறொரு வால்வில் குடியேறும். மாற்றிய பிறகு ஜக்குகளை நான்கைந்து தடவை முழுதாக நீட்டிச் சுருக்கினால் காற்று தாங்கி வழியே வெளியேறிவிடும்.

பாவிக்கும் முறையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் “பின் பக்கத்தை நன்றாகத் தூக்கிவிட்டுத்தான் முன் பக்கம்” என்று எழுதியிருந்தது என்னை உறுத்துகிறது. உங்கள் பஸ்ஸின் நிறுத்தப் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. இரண்டு பின் சக்கரங்களும் தரையை விட்டு எழும்பினால் வண்டிக்குப் பிரேக்கே இல்லை. நான்கு ஒல்லிக் கால்களின் மேல் ஒரு பஸ் நிற்கிறது, அவ்வளவுதான். சரிவில் அது முன்னே நகர்ந்தால் தண்டுகள் வளையும், அதற்குப் பிறகு உண்மையாகவே ஜக் தேடிப் போக வேண்டியிருக்கும். சரிவான இடத்தில் முகம் பள்ளத்தைப் பார்க்க நிறுத்துங்கள். அப்போது உயர்த்த வேண்டியது முன்பக்கம், பின் சக்கரங்கள் தரையிலேயே இருக்கும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே பொத்தானைத் தொடுங்கள். முன்பின் மட்டத்தை முதலில் பிடித்து, பிறகு இடம்வலம். ஜக்குகளைச் சோடியாகவே இயக்குங்கள். ஒரு மூலையை மட்டும் தனியே உயர்த்தினால் பஸ்ஸின் சட்டம் முறுகும், முன் கண்ணாடி விரிசல் விடும். அரையடிக்கு மேல் தூக்க வேண்டி வந்தால் அந்த இடமே சரியில்லை, வேறு இடம் பாருங்கள். மட்டம் பார்க்க பழைய சோனகத் தெருவில் வாங்கும் ஒரு மேசன் ரசமட்டம் போதும். உங்கள் குளிர்சாதனப் பெட்டி கம்பிரசர் வகை என்றால் கொஞ்சம் சரிவு அதற்குப் பொருட்டல்ல. எரிவாயுவில் ஓடும் வகை என்றால் சில பாகைக்கு மேல் சரிந்து நின்றால் குளிராது, நாளடைவில் பாழாகவும் செய்யும்.

இத்தனையும் செய்து, வால்வைக் கழுவி, குழாயும் சரியாக இருந்து, திருகைத் திறந்த பிறகும் ஜக் அசையவில்லை என்றால், அல்லது தண்டில் எண்ணெய் வழிந்திருந்தால், கராஜ்காரர் சொன்னது சரி. அப்போதும் முழு ஜக் தேவைப்படாது. தண்டு நேராக இருந்தால் கழற்றி எடுத்துப்போய், தண்டின் விட்டத்தையும் சீல் பள்ளத்தின் அகலத்தையும் அளந்து, அளவுக்குச் சீல் போட்டுக்கொள்ளலாம். வளைந்திருந்தால் கடைசல் பட்டறையில் புதிய தண்டு கடைந்து குரோம் பூசிக் கொடுப்பார்கள். ஸ்பிரிங்குகளைக் கழற்றுவது மட்டும் உங்கள் வேலை அல்ல; இழுபட்டு நிற்கும் ஸ்பிரிங் கை நழுவினால் கண்ணைத்தான் தேடி வரும்.

அதுவரை வண்டியை ஓட்டியாக வேண்டுமென்றால், வண்டி சக்கரங்களில் உறுதியாக நிற்கும்போது கைத்திருகைத் திறந்துவைத்து, வெளியே நின்றபடி நீளமான கடப்பாரையால் பாதத்தை மேலே நெம்புங்கள். முழுதாக உள்ளே போனதும் திருகை மூடி, லொறியில் சாமான் கட்டும் பட்டியால் பாதத்தைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். பட்டி புகைக் குழாயிலோ பிரேக் குழாயிலோ சுழலும் தண்டிலோ உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்துக் கிலோமீற்றர் போனதும் ஒரு தடவை இறங்கிக் கட்டு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.